இறுதித் தொடர் தோல்விகளை மட்டும் எண்ணலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தொழில்முறை என்.பி.ஏ. கூடைப்பந்தில் தலைசிறந்த ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டனா, லெப்ரான் ஜேம்ஸா என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர்கள் நடத்திவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஜோர்டன் ஆறு இறுதித் தொடர்களில் (முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே கோப்பை) ஆடி ஆறிலும் வென்றார், லெப்ரான் பத்தில் ஆடி நான்கில்தான் வென்றார், இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதே ஜோர்டன் ரசிகர்களின் வாதமாக இருக்கிறது. கணக்கில் பிழையில்லை, அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இறுதித் தொடருக்கு வந்து தோற்பவருக்கு அது கறை, அதற்கு முன்பே தோற்று வெளியேறுபவருக்கு ஒன்றுமில்லை என்பது விந்தையான நீதி. ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் 1985 முதல் 1987 வரை மூன்று ஆண்டுகள் ப்ளே-ஆஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்றுகளின் முதலாவதிலேயே வெளியேறியது. அடுத்த மூன்று ஆண்டுகள் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியிடம் தோற்றது. 1995-இல் ஆர்லாண்டோவிடம் வீழ்ந்தது. இவை எதுவும் அந்த 'ஆறுக்கு ஆறு' கணக்கில் சேர்வதில்லை. லெப்ரானோ 2011 முதல் 2018 வரை தொடர்ந்து எட்டு முறை இறுதித் தொடரில் ஆடினார். அணிகள் கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக ஆடி, பிரிவுக்கு ஒன்றாக இறுதித் தொடருக்கு வருகின்றன. அவர் ஆடிய கிழக்குப் பிரிவு அக்காலத்தில் மேற்கைவிடப் பலவீனமாக இருந்தது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் ஒரு பிரிவை வெல்வது எளிய வழியால் மட்டும் கைகூடுவதன்று.

எதிரில் நின்றவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2015 முதல் நான்கு ஆண்டுகள் லெப்ரானின் கிளீவ்லாந்து கவாலியர்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் மட்டுமே இறுதித் தொடரில் மோதின. வழக்கமான பருவத்தின் 82 ஆட்டங்களில் அந்நான்கு ஆண்டுகளில் வாரியர்ஸ் பெற்ற வெற்றிகள் முறையே 67, 73, 67, 58. முதல் ஆண்டிலேயே கிளீவ்லாந்தின் கெவின் லவ் தோள்பட்டைக் காயத்தால் விலகிவிட்டார். கைரி இர்விங் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் முழங்கால் சில்லு முறிந்து வெளியேறினார். எஞ்சிய துணையாட்டக்காரர்களை வைத்துக்கொண்டு லெப்ரான் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.8 புள்ளிகளும் 13.3 ரீபவுண்டுகளும் (தவறிய எறிகளைப் பிடித்தவை) 8.8 அசிஸ்டுகளும் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகள்) எடுத்து, இரண்டு ஆட்டங்களை வென்றும் காட்டினார். அந்தத் தோல்வியும், 2011-இல் டல்லாஸிடம் அவர் உண்மையிலேயே சோர்ந்து ஆடித் தோற்றதும் ஒரே எடையில் வைக்கத் தக்கவையா? டல்லாஸ் தொடரின் நான்காவது ஆட்டத்தில் அவர் எடுத்தவை வெறும் எட்டுப் புள்ளிகள். அந்தப் பழியை அவர் மீது சுமத்துவதில் எனக்குத் தடையேதும் இல்லை.

2016-ஆம் ஆண்டு இறுதித் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 73 வெற்றிகளுடன் சாதனை படைத்து வந்த வாரியர்ஸ் 3-1 என முன்னிலை பெற்றிருந்தது. அந்நிலையிலிருந்து மீண்டு அதுவரை எந்த அணியும் இறுதித் தொடரை வென்றதில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் அவ்வணியின் டிரேமண்ட் கிரீன் ஆடத் தடை விதிக்கப்பட்டதை வாரியர்ஸ் ரசிகர்கள் இன்றும் ஆதங்கத்துடன் சொல்வார்கள், அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்த ஆட்டத்தில் லெப்ரானும் இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளிகள் எடுத்தனர். அடுத்த ஆட்டத்தில் கிரீன் திரும்பிய பிறகும் லெப்ரான் மீண்டும் 41 எடுத்தார். ஓக்லாந்தில் நடந்த ஏழாவது ஆட்டம் 89-89 எனச் சமநிலையில் இருக்க, இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாகவே மிச்சமிருந்தபோது, வாரியர்ஸின் ஆந்த்ரே இகுடாலா கூடைக்கு அருகில் பந்தை மேலே விட்ட கணத்தில், பின்னாலிருந்து முழுத்தளத்தையும் ஓடிக் கடந்து வந்த லெப்ரான் அதைப் பலகையோடு சேர்த்து அறைந்து தடுத்தார். அதன் பிறகு இர்விங், வாரியர்ஸின் ஸ்டீபன் கரியின் கைக்கு மேலாக அடித்த மூன்று புள்ளிப் பந்துதான் 93-89 என்ற வெற்றிக்கு வழிவகுத்தது. வெற்றிப் பந்து இர்விங்குடையது என்பதை லெப்ரான் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதே லெப்ரான் 2018 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் 51 புள்ளிகள் எடுத்தும் தோற்றார். 107-107 என்ற நிலையில், அவரது அணியின் ஜார்ஜ் ஹில் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவை (எதிரணி தடுக்காமல் எறியும் வாய்ப்பு) ரீபவுண்டாகப் பிடித்த சக ஆட்டக்காரர் ஜே.ஆர். ஸ்மித், கூடைக்கு அடியிலேயே நின்றிருந்தும் எறியாமல், பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே ஓடிவிட்டார். இரு கைகளையும் விரித்துக் கூடையைக் காட்டி லெப்ரான் கத்தியது, இங்கே காலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்தவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்க் கைநழுவியது; தொடரும் 4-0 என முடிந்தது. 'நான்கு வெற்றி, ஆறு தோல்வி' என்ற கணக்கில் இது வெறும் ஒரு தோல்வி.

ஓர் ஆட்டக்காரர் தம் அணியின் மீது கொண்டிருந்த செல்வாக்கை அறிய அவர் வந்தபோதும் போனபோதும் நிகழ்ந்ததைப் பார்ப்பது மேல். 2009-10 பருவத்தில் கிளீவ்லாந்து 61 ஆட்டங்களை வென்றது. லெப்ரான் மயாமி ஹீட்டுக்குச் சென்ற மறு பருவத்தில் வென்றவை 19, தோற்றவை 63. இடையில் தொடர்ந்து 26 தோல்விகள். 2014-இல் அவர் திரும்பி வந்ததும் முந்தைய பருவத்தில் 33 ஆக இருந்த வெற்றிகள் 53 ஆயின. அவரை இழந்த மயாமி 54-லிருந்து 37-க்கு இறங்கியது. 2018-இல் அவர் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனபோது கிளீவ்லாந்து மீண்டும் அதே 19 வெற்றி, 63 தோல்வியில் போய் நின்றது. ஒப்பிட்டால், ஜோர்டன் விலகிய 1993-94 பருவத்திலும் புல்ஸ் 55 ஆட்டங்களை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு 57.

இந்த எண்கள் லெப்ரானுக்கு முழுக்கச் சாதகமானவை என்றும் நான் கருதவில்லை. அவர் இருக்கும் அணி அன்றைய கோப்பைக்காக நாளையை அடகு வைக்கிறது. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2014 தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட இளம் ஆண்ட்ரூ விக்கின்ஸைக் கொடுத்துத்தான் கிளீவ்லாந்து கெவின் லவ்வைப் பெற்றது. அந்தோனி டேவிஸுக்காக லேக்கர்ஸ் பிராண்டன் இங்கிரம், லோன்சோ பால் உள்ளிட்ட இளைஞர்களையும் வருங்காலத் தேர்வு உரிமைகளையும் அள்ளிக் கொடுத்தது. அதற்குப் பலனாக 2020-இல் கோப்பை வந்தது என்பதும் உண்மை. ஆயினும் அவர் போன பின் அணி சரிவதற்கு அவர் இல்லாமை ஒரு பாதிக் காரணம் என்றால், அவருக்கேற்ப அணியை அமைத்தது மறுபாதி. மேலும், 2018-19-இல் கிளீவ்லாந்துக்காகக் கெவின் லவ் காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடவில்லை. லேக்கர்ஸும் அந்தப் பருவத்தில், லெப்ரான் காயமடைந்த நிலையில், ப்ளே-ஆஃபுக்கே தகுதி பெறவில்லை.

அடுத்து, எந்த இரு அணிகள் இறுதியில் மோத வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவோருக்கு ஒரு வார்த்தை: இறுதித் தொடரை எட்டுவதே உறுதியில்லாத ஒன்று. 2009-இல் லெப்ரானும் லேக்கர்ஸின் கோபி பிரயன்ட்டும் மோதுவார்கள் என்று உலகமே காத்திருந்தது. 66 வெற்றிகளுடன் வந்த கிளீவ்லாந்தை ஆர்லாண்டோ வீட்டுக்கு அனுப்பியது. மறு ஆண்டு பாஸ்டன் அதைச் செய்தது. 2020-இல் மேற்குப் பிரிவின் இறுதியில் எல்லோரும் எதிர்பார்த்த லேக்கர்ஸ்-கிளிப்பர்ஸ் மோதலை, 3-1 எனப் பின்தங்கியிருந்த டென்வர் மீண்டு வந்து கிளிப்பர்ஸை வீழ்த்தி இல்லாமல் ஆக்கிவிட்டது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய ஒப்பீட்டுப் பட்டியலை வெளியிடும்போது, இறுதித் தொடர் முடிவுகளுக்குப் பக்கத்தில் எதிரணியின் அந்தப் பருவ வெற்றி எண்ணிக்கையையும், காயத்தால் ஆடாதவர்களின் பெயர்களையும், இறுதிக்கு வராத ஆண்டுகளில் அந்த ஆட்டக்காரரின் அணி எந்தச் சுற்றில் வெளியேறியது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். ஜோர்டன் பக்கம் நிற்பவர்களுக்கும் அதில் ஆதாரம் கிடைக்கும். 64 வெற்றிகளுடன் வந்த சியாட்டிலையும் யூட்டாவையும் அவர் வீழ்த்திய ஆண்டுகள் அதில் இடம்பெறும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.