பாட்டியின் குரலை எடுத்துவிட்டேன்

அன்புள்ள தோழிக்கு,

மறுபடி அக்டோபர் 4. 2023-இல் சிக்கிமின் சங்கலாங் பாலத்தைத் தீஸ்தா ஆறு கொண்டுபோன அந்த இரவைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல? சொல்ல வந்தது வேறு. பாட்டியின் ஒலிப்பதிவை இன்று காலை என் இணையப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

லெப்சா மக்கள் வாழும் ஜோங்குவில் உங்கள் அடுப்படிதான் திரும்பத் திரும்ப வருகிறது. மூங்கில் குவளையில் புளித்த கேழ்வரகின் மேல் வெந்நீரை ஊற்றிக்கொண்டே பாட்டி கதை சொன்னார். சந்திக்கக் கிளம்பிய இரண்டு ஆறுகளின் கதை: ரோங்ன்யூவுக்குப் பாம்பு வழிகாட்ட, ரங்கீத்துக்குப் பறவை. பறவை இரை தேடி அலைந்ததில் ரங்கீத் பிந்திவிட்டான். முன்பே வந்து நின்றவளைப் பார்த்து, "தி சதா?" என்றான். எப்போது வந்தாய்? அந்தக் கேள்விதான் தீஸ்தா ஆனது என்று சொல்லிவிட்டுப் பாட்டி மோவாயைத் தூக்கிச் சிரித்தார். அப்புறம் ரங்கீத்தின் கோபம், வெள்ளம், தெண்டோங் மலைமேல் ஏறிய ஜனங்கள்.

முடித்ததும் என் போனைக் காட்டி ஏதோ கேட்டார். "யாருக்குப் போட்டுக் காட்டுவாய் என்கிறார்" என்றாய். "யாருக்கும் இல்லை, எனக்குத்தான்" என்றேன். நீ அதை உங்கள் லெப்சா மொழியில் அவரிடம் சொன்னாய். என் பொய்யை உன் வாயால் சொல்லவைத்தேன். மன்னித்துக்கொள்.

அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை, நம்பு. 2011 கணக்கெடுப்பில் லெப்சா பேசுகிறவர்கள் சுமார் 47,000 பேர். எங்கள் பக்கத்தில் ஒரு தேருக்கே அவ்வளவு கூட்டம் கூடும். மொழி அழிந்துவிடுமோ என்று பயந்துபோய்த்தான் பாட்டியின் பதிவை எல்லோரும் கேட்கப் போட்டேன். "கேட்கிறவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது, பாட்டியின் குரலில் உள்ள முதுமைதான் தெரியும்" என்று எழுதினாய். சரி. ஆனால் நீ மட்டும்? உன் மகளிடம் வீட்டில் நேபாளியில்தானே பேசுகிறாய்? உங்கள் எழுத்தில் என் பெயரை எழுதிக்காட்டி, கடைசி மெய்யைத் தலைமேல் குறியாகப் போட்டு, "உங்கள் புள்ளி மாதிரி" என்றவள் நீ. அதை உன் மகளுக்கு ஏன் எழுதிக்காட்டவில்லை?

நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைக் கேட்டிருக்கக் கூடாது. பள்ளியில் அவளை என்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உன்னுடையது.

பென் டிரைவை நேற்றே தபாலில் அனுப்பினேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. கடைசியில் என் பதிலைப் பாட்டியிடம் சொல்லும் உன் குரல் இருக்கிறது. அதை வெட்டவில்லை.