அநுராதபுரம் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தரம் 9, 10 மாணவர்களை வரலாற்றுப் பாடத்துக்காக வரும் சனிக்கிழமை அநுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் கூட்டிப் போகிறோம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளை வேண்டுமென்றே தவிர்த்தோம். ஜூன் மாதப் போயாவான பொசன் நாட்களில் அந்தக் கூட்டத்துக்குள் பிள்ளைகளை எண்ணி முடிக்கவே ஏலாது.

பஸ் அதிகாலை 4.30க்கு வெளிக்கிடும். ஏன் இவ்வளவு வெள்ளன என்று கேட்பீர்கள். ஸ்ரீமகாபோதி என்ற புனித அரசமரத்தடியிலும் ருவன்வெலிசாய என்ற பெரிய தாதுகோபத்திலும் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும்; வெயில் ஏறினால் அந்தக் கல்தளத்தில் கால் வைக்க முடியாது. ஆகவே காலையில் அவை இரண்டும், பின்னேரம் மிகிந்தலை. ஒரு சோடி பழைய காலுறை கொடுத்துவிடுங்கள். செருப்பைக் குவியலில் விட்டால் திரும்பி வரும்போது ஒற்றைதான் மிஞ்சும். சொப்பின் பையில் போட்டுக் கையோடு கொண்டு போகட்டும்.

உடுப்பு வெள்ளை, பாடசாலைச் சீருடையே போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பி கூடாது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு. இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லுங்கள், கைபேசி கையில் இருந்தால் பிள்ளைகளுக்கு மறந்துபோகும்.

"கும்பிட வேண்டுமா?" என்று சிலர் கேட்டீர்கள். கட்டாயமில்லை. அமைதியாக நின்றால் போதும். எங்கள் ஊர்களில் அரசடியில் பிள்ளையார் இருப்பார். ஸ்ரீமகாபோதியில் மரமே வணங்கப்படுகிறது. அசோகரின் மகள் சங்கமித்தை புத்தகயாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளரசுக் கிளை அது, வயது 2,200 ஆண்டுகளுக்கு மேல். கீழ்த்தளத்தில் நிற்கும் பெரிய அரசுகளைப் பார்த்து "இதுதான்" என்று பலர் திரும்பிவிடுவார்கள். உண்மையான மரம் மேல்தளத்தில், பொன்முலாம் பூசிய முண்டுகளில் சாய்ந்து, எதிர்பார்த்ததைவிட ஒல்லியாக நிற்கும். இலை பறிக்கக் கூடாது.

அபயகிரி விகாரைப் பக்கம், தமிழ் இல்லறத்தாரின் மண்டபத்தைக் குறிப்பிடும் பழைய பிராமி எழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நேரம் நெருக்கினாலும் அதை விடமாட்டோம்.

மிகிந்தலையில் 1,840 படிகள். பஸ் பாதி உயரம் வரை போகும் என்பதால் முழுவதும் ஏறத் தேவையில்லை. ஆராதனைக் கல் என்ற பாறையில் காற்று பலம், செதுக்கிய படி ஒடுக்கம். ஆசிரியர் ஒருவரோடு பத்துப் பத்துப் பேராக மட்டும் ஏற்றுவோம்.

சாப்பாடு மரக்கறியாக இருக்கட்டும். பச்சைத் தேங்காய்ச் சம்பல் மத்தியானத்துக்கு முன்பே பழுதாகிவிடும், புளிச்சாதம் தாங்கும். பையைத் திறந்து வைத்தால் குரங்கு பறிக்கும். தண்ணீர் ஒன்றரை லீற்றர். சத்தி எடுக்கும் பிள்ளைகளை முன் இருக்கையில் விடுவோம், முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தை வியாழனுக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். முட்டு, வலிப்பு போன்றவை இருந்தால் மருந்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்