பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் சின்னவன் வாங்கிக்கொள்கிறான். அவன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி வந்து இறங்குவதாகவும், பொங்கல் முடிந்த கையோடு எல்லாரும் கொடைக்கானல் போய் இரண்டு நாள் தங்கலாம் என்றும் சொன்னாய். ரூம் இன்னும் போடவில்லை என்றாய். போடாதே தாயி. அந்தப் பணத்தில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஒரு வாரம் முன்னால் வா.

போன வருடம் போனோமே, அதை நினைத்துப் பார். வத்தலக்குண்டு தாண்டியதும் நின்ற வண்டி ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. சின்னவன் மூன்று இடத்தில் வாந்தி எடுத்தான். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வாங்கித்தான் போகிறார்கள், அப்படியும் விடுமுறை நாளில் கூட்டம் கூட்டம்தான். மேலே போயும் உங்கம்மா என்ன பார்த்தாள்? ஏழாயிரம் அடி உயரம், ஏரி ஓரத்தில் புல் மேல் உறைபனி. இரண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாளும் ரூமிலேயே உட்கார்ந்திருந்தாள். உன்னிடம் நல்லாயிருந்தது என்றுதான் சொன்னாள். ஊருக்கு வந்து பத்து நாள் நெஞ்சுச்சளியோடு கிடந்தாள். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அப்போது சொல்லவில்லை.

கொடைக்கானல் நல்ல ஊர்தான். வெயில் கொளுத்துகிற சித்திரை, வைகாசியில் ஏறிப் போக வேண்டிய ஊர். நம் ஊருக்கு மார்கழியும் தையும்தான் சீசன். மதுரையைச் சுற்றி இருக்கிறவை மொட்டைப் பாறைகள். பங்குனி வந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பாறையில் கால் வைக்க முடியாது. மார்கழியில் அதே பாறை பத்து மணி வரை குளிர்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் எல்லாம் நிறைந்து, வயல் பச்சையாக நிற்கும். குற்றாலத்துக்கு ஆனி, ஆடி என்றால் நமக்கு இந்த இரண்டு மாதம். வருடத்துக்கு இரண்டே மாதம் இந்த ஊர் இப்படி இருக்கிறது. அந்த நேரத்தில் எதற்கு இங்கிருந்து கிளம்பிப் போக வேண்டும்?

முதலில் சமணர் மலை. பேத்தியை நானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். தேனி ரோட்டில் போய் கீழக்குயில்குடிக்குத் திரும்பினால் அரை மணி நேரம்கூட ஆகாது. விடியற்காலை ஆறு மணிக்கு மலையடியில் நிற்க வேண்டும். அப்போதுதான் தாமரைக் குளத்தில் பூ விரிகிறதைப் பார்க்கலாம். பக்கத்தில் அய்யனார் கோயில், பெரிய குதிரைகள், ஆலமர நிழல். உங்கம்மா முழங்காலோடு ஏற வேண்டாம், அந்த ஆலமரத்தடி அவளுக்குப் போதும். நாங்கள் பாறையில் வெட்டியிருக்கிற படியில் ஏறுகிறோம். பேச்சிப்பள்ளம் என்று ஓர் இடம், ஒரு சுனை, அதற்கு மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்குகிற குருமார்கள். ஒருவர் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்கும். கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகிவிட்டது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அந்தக் குகைக்குள் சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிற ஒரு பெண்ணின் சிற்பம் இருக்கிறது. அதைக் காட்டி நீயே கதை சொல்லு என்று பேத்தியிடம் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். மேலே நின்றால் நாகமலை ஒரு பாம்பு மாதிரி நீளமாகப் படுத்திருக்கும், கீழே கண்மாய்த் தண்ணீர் மின்னும். ஏழரை மணி வெயில் முதுகில் படுகிற சுகம் இருக்கிறதே, அதை அவளுக்குக் கொடுக்க வேண்டும். இறங்கி வந்ததும் ஆலமரத்தடியில் கட்டுச்சோறு. புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் அம்மா கட்டிவிடுவாள்.

அப்புறம் அழகர்கோயில். இதில்தான் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது.

31 வருடம் பஸ் கண்டக்டராகத் தோளில் பையோடு அந்த ரோட்டில் போய்வந்தேன். ஞாயிறும் பண்டிகையும் ஊருக்கெல்லாம் லீவு, எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை. நூபுர கங்கையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, தூக்குவாளியும் கையுமாக, குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். மடியில் பிள்ளை தூங்கும். இலையில் மடித்த தோசையை எனக்கும் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்த பாட்டிகள் உண்டு. கறுப்பு உளுந்தைத் தோலோடு அரைத்து நெய்யில் சுடுகிற அழகர்கோயில் தோசை. டிக்கெட் கிழிக்கும்போது உன் வயசுப் பிள்ளையைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வரும். ஊராருடைய பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போனேன், உன்னை அங்கே கூட்டிப் போனது இரண்டே தடவை.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மார்கழியில் குட்லாடம்பட்டி அருவிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது, மற்றதையும் நீயே கழற்றி விட்டுவிட்டாய். திரும்பி வருகையில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கும் லீவு போடுப்பா" என்றாய். நான் போடவில்லை. விடிகாலை முதல் டிரிப்புக்கு நீ எழுந்திருப்பதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் இந்தத் தடவை அழகர்கோயிலுக்குக் கார் வேண்டாம், பஸ்ஸில் போவோம். நான் டிக்கெட் வாங்கி உன் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டு, அழகரைப் பார்த்து, அப்புறம் பழமுதிர்சோலை. மலைக்கு மேலே வண்டி போகிறது, அம்மாவுக்கும் சிரமம் இல்லை. குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், சின்னவனிடம் முன்கூட்டியே சொல்லி வை. குட்லாடம்பட்டி அருவிக்கு இப்போது விடுகிறார்களா என்று விசாரித்துத்தான் போக வேண்டும்.

அரிட்டாபட்டிக்கு ஒரு காலை நேரம் ஒதுக்கு. மாப்பிள்ளைக்குப் பறவைகள் பிடிக்குமே, ராஜாளிகள் வட்டமிடுகிற பாறைகள் அங்கே இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று வந்தது. மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் பெண்டு பிள்ளைகளோடு மதுரை வரைக்கும் நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. போராடிக் காப்பாற்றிய மலையை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

கீழடிக்கு ஒரு மதியம் போதும், 12 கிலோமீட்டர்தான். பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதைப் பேத்தி பார்க்கட்டும். அந்தத் தூரத்து ஊரில் தமிழ் எழுதப் படிக்க நீ அவளோடு படுகிற பாடு எனக்குத் தெரியும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் தன் பேரைச் சொந்தப் பானையில் எழுதி வைத்திருக்கிறார் என்று கண்ணால் கண்டால் அவளுக்கே ஆசை வந்துவிடும். நாள் மிச்சம் இருந்தால் ரயிலில் ஆண்டிபட்டி போய் வைகை அணையும் பார்க்கலாம். சாயந்தரம் எங்காவது போக வேண்டும் என்றால் வண்டியூர்த் தெப்பக்குளம் இருக்கிறது. உன் சின்ன வயசில் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறைந்து கிடக்கிறது. படித்துறையில் உட்கார்ந்து மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே பருத்திப்பால் குடிக்கலாம்.

இவ்வளவு எழுதினாலும், ஒரு வாரம் முன்னால் வா என்று நான் கேட்பதற்குக் காரணம் வேறு.

மார்கழி அஷ்டமி சப்பரம் பொங்கலுக்கு முன்னால் வருகிறது. கல்யாணமாகிப் போனதிலிருந்து நீ அதைப் பார்க்கவில்லை. எறும்பைச் சிமிழுக்குள் அடைத்து வைத்து, இதற்கும் படியளந்தீரா என்று அம்மன் கேட்க, திறந்து பார்த்தால் எறும்பின் பக்கத்தில் ஓர் அரிசி இருந்ததாம். அந்தக் கதைக்காகத்தான் சுவாமியும் அம்மனும் விடியற்காலையில் வெளிவீதிகளைச் சுற்றி வருகிறார்கள். வழியெல்லாம் அரிசி தூவிக்கொண்டே போவார்கள். எல்லா உயிருக்கும் படியளக்கிறது என்று அதற்குப் பேர். கீழே விழுந்த அரிசியை ஜனங்கள் பொறுக்கி வந்து வீட்டு அரிசிப் பானையில் போடுவார்கள். அம்மன் சப்பரத்தின் வடத்தைப் பெண்கள்தான் இழுப்பார்கள்.

உங்கம்மா வருடம் தவறாமல் போய் வடம் பிடித்தவள். போன வருடம் முழங்கால் வலியில் வெளிவீதி முக்கில் நின்று கும்பிட்டதோடு சரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அவ இருந்திருந்தா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டாவது நடந்திருப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உனக்கு வேலை இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். உன்னிடம் கேட்கவே மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன்.

மாப்பிள்ளையிடம் பதமாகச் சொல்லு. அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும், நெட் இப்போது நன்றாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் லீவு கேட்டுப் பார்.

டிக்கெட் மாற்றியதும் முதலில் எனக்குச் சொல், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பரணில் இருக்கிற பெரிய தூக்குவாளியையும் அன்றைக்கு இறக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அன்பு அப்பா
மதுரை