பொருள்: எபாக்சி ரெசின் உணவு மேசையில் பிளவு; முழுத் தொகையையும் திருப்பிக் கோருதல்

ஐயா,

கடந்த தை மாதம் தங்களிடம் 84,000 ரூபாய் செலுத்தி, தூங்குமூஞ்சி மரப் பலகைகள் இரண்டின் நடுவே நீல நிற எபாக்சி ரெசின் (ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) ஊற்றிய, ஆறு பேர் அமரும் உணவு மேசை ஒன்றை வாங்கினேன். நான்கே மாதங்களில் ரெசினை ஒட்டி ஒரு முழ நீளத்துக்குப் பிளவு விட்டிருக்கிறது. அதில் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகினால் நிற்கிறது. சிந்திய ரசம் உள்ளே இறங்கிக் காய்ந்து, துடைக்க வழியின்றிக் கிடக்கிறது.

தொலைபேசியில் முறையிட்டபோது, மரம் இயற்கைப் பொருள், கோடையில் அப்படித்தான் இருக்கும் என்று தங்கள் ஊழியர் பதிலளித்தார். அதை என்னால் ஏற்க இயலவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ரெசின் எங்குமே விட்டுப்போகவில்லை என்பது தெரிகிறது. அது மரப்பட்டையை இன்றும் இறுகப் பற்றியிருக்கிறது, மரத்திலிருந்து உரிந்து வந்திருப்பது பட்டைதான். ஓரத்தின் இயல்பான வளைவைக் காட்டப் பட்டை தேவையே இல்லை. உளியால் நெம்பி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கெட்டியான மரம் தெரிந்த பிறகே ரெசின் ஊற்ற வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம்.

பட்டை உரிந்ததற்குக் காரணம் மரத்தில் மிச்சமிருந்த ஈரம். எங்கள் தெரு ஆசாரி ஈரம் அளக்கும் கருவியின் முட்களை மேசையின் அடிப்பக்கத்தில் மூன்று இடங்களில் குத்திப் பார்த்ததில், 17 முதல் 19 விழுக்காடு வரை காட்டியது. ரெசின் வேலைக்கு அது மிஞ்சிப்போனால் 12 இருக்கலாம். காற்றோட்டத்துக்கு இடையிடையே கட்டை வைத்து நிழலில் அடுக்கிய பலகை உலர அங்குலத்துக்கு ஓராண்டு என்பது மரவாடிக் கணக்கு; இதுவோ இரண்டு அங்குலப் பலகை. முந்தைய சித்திரையில்தான் அறுத்ததாகத் தங்கள் விற்பனையாளரே பெருமையாகச் சொன்னார் (அப்போது எனக்கு உறைக்கவில்லை). ரசீதிலோ "நன்கு உலர்ந்த மரம்" என்று அச்சாகியிருக்கிறது. சூளையில் உலர்த்தியிருந்தால் அதற்கான பதிவைக் காட்டுங்கள்.

மரத்தின் துளைகளை முதலில் மெல்லிய ரெசின் பூச்சால் அடைக்காததால், ஓரம் நெடுகக் கடுகு கடுகாகக் காற்றுக் குமிழிகள் உறைந்திருக்கின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மேசைக்கடியில் காலைதோறும் மாவுபோலக் கொட்டிக் கிடக்கும் தூளைப் பொறுக்க முடியாது. வண்டு விரும்பித் துளைக்கும், பட்டையை அடுத்த வெள்ளைப் பகுதியை மருந்தேற்றாமலே விட்டிருக்கிறீர்கள். அந்த வண்டு என் மற்ற மரச்சாமான்களுக்கும் தாவுமோ என்று அஞ்சுகிறேன்.

பிளவில் மீண்டும் ரெசின் நிரப்பித் தருவதாகச் சொல்கிறீர்கள். ஈர மரம் இன்னும் சுருங்கும், இங்கே அடைத்தால் வேறிடத்தில் விடும். ஆகவே 15 நாள்களுக்குள் மேசையைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ரசீது நகலும் நிழற்படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்