மன்னிப்பு என்றால் அடி வாங்கத் திரும்பிப் போவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

திருப்பூர்ப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையில், புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் பெரியவர்கள் முதலில் சொல்வது, 'எழுபது தரம் ஏழு முறை மன்னிக்கச் சொல்லியிருக்கு அம்மிணி, வீட்டுக்குப் போ' என்பதுதான். அந்த வசனம் வரும் மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்திலேயே, சற்று முன்னால், தப்பு செய்தவனிடம் அவன் குற்றத்தை எடுத்துச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல் என்று இருப்பதை ஏன் யாரும் வாசிப்பதில்லை? கோபப்படுவதே பாவம் என்கிறார்கள். கை சூம்பியவனை ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றம் பிடிக்கலாம் என்று காத்திருந்தவர்களை இயேசு கோபத்தோடுதான் பார்த்தார், மாற்கு எழுதியிருக்கிறார்.

தாவீதைப் பாருங்கள். தன்மேல் ஈட்டி எறிந்து, கொல்லத் தேடி அலைந்த ராஜா சவுல் குகைக்குள் சிக்கியும் கொல்லாமல் விட்டார், சவுலும் சத்தமிட்டு அழுதான், சரி, அப்புறமும் தாவீது அரண்மனைக்குப் போகவில்லை, பாதுகாப்பான மலைக்கோட்டைக்குத்தான் போனார். பழிவாங்காமல் விடுவது வேறு, ஈட்டி எறிந்தவன் பக்கத்தில் மறுபடி போய் உட்காருவது வேறு.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005லேயே வந்துவிட்டது. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உண்டு. போதகர்களே, பெண்கள் உதவி எண் 181ஐ ஆலய அறிவிப்புப் பலகையில் இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.

ஒரு வாசகி,
திருப்பூர்