வீட்டு முகப்பில் பறக்கும் கொடி: தென் கரோலினா நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பிற்குரிய நண்பருக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு முகப்பில் ஏற்றியிருக்கும் கொடியின் படத்தைப் பார்த்தேன். கூடவே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் பலமுறை படித்தேன். உங்கள் மனைவியின் முன்னோர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் நின்று உயிர்விட்டவர் என்பதையும், அவரை மறவாதிருக்கவே இதைச் செய்தீர்கள் என்பதையும் நான் முழுமையாக நம்புகிறேன். ஆனாலும் அந்தப் படையின் போர்க்கொடியைத் தயவுசெய்து இறக்கிவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே விளக்கத்தை வேறு பலரும் நல்ல மனத்தோடு சொல்லக் கேட்கிறேன் என்பதுதான்.

சிவப்புத் துணியில் குறுக்கே செல்லும் நீலப் பட்டைகளும் 13 வெள்ளை நட்சத்திரங்களும் கொண்ட இந்தச் சின்னம் போர்க்களத்தில் பிறந்தது. 1861 ஜூலையில் மனாசஸ் போரில் கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடி தூரத்திலிருந்து பார்க்கையில் எதிரணியின் கொடியைப் போலவே தெரிந்து குழப்பம் விளைந்ததால், படைகள் தம்மவரை அடையாளம் காண இதை உருவாக்கினார்கள். ஆகவே உங்கள் உறவினர் இதன் கீழ் நின்றிருக்கக்கூடும். 1862 முதல் கட்டாயப் படைச் சேர்ப்பும் இருந்ததால், அவர் விரும்பித்தான் போனாரா என்றுகூட நமக்குத் தெரியாது. ஆனால் அவரைக் களத்துக்கு அனுப்பிய அரசு தன் நோக்கத்தை மறைக்கவில்லை. அதன் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பின மனிதன் வெள்ளையனுக்குச் சமமல்லன் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார். பிரிந்துபோனதற்கான காரணங்களை விளக்கிய மிசிசிப்பி மாநிலமும் அடிமை முறையோடு தன் நிலை முற்றிலும் பிணைந்தது என்று எழுதிவைத்தது.

போருக்குப் பின் நடந்தவற்றைத்தான் நீங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தப் படைகளை நடத்திய ராபர்ட் லீ, கெட்டிஸ்பர்க் களத்தில் நினைவுக் கற்கள் நாட்ட உதவும்படி 1869-இல் அழைக்கப்பட்டபோது, போரின் புண்களைத் திறந்துவைக்காமல் இருப்பதே அறிவுடைமை என்று பதில் எழுதி மறுத்துவிட்டார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கிடைக்கத் தொடங்கிய காலத்தில்தான் இந்தக் கொடி புது வேகத்தோடு திரும்பி வந்தது. 1948-இல் இனப் பிரிவினையைக் காக்கக் ஜனநாயகக் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறியவர்களின் கூட்டங்களில் அது அசைந்தது. கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்த இரண்டே ஆண்டுகளில் ஜார்ஜியா தன் மாநிலக் கொடிக்குள் இதைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பியாவின் சட்டமன்றக் கூரைமேல் 1960-களின் தொடக்கத்தில் போரின் நூற்றாண்டு நினைவு என்ற பெயரில் ஏறிய கொடி, நூற்றாண்டு முடிந்த பிறகும் இறங்காமல் 2000 வரை அங்கேயே பறந்தது. முன்னோரின் நினைவு என்று சொல்கிறீர்கள். இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், யாரை அச்சுறுத்த அது மீண்டும் கையில் எடுக்கப்பட்டது என்பது தெரிகிறது.

2015 ஜூன் 17 அன்று உங்கள் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் விவிலியம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றவன், இதே கொடியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவன். கொல்லப்பட்டவர்களுள் ஒருவரான போதகர் கிளமென்டா பிங்க்னி மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும்கூட. மற்றக் கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கிய அந்த நாட்களில், கூரையிலிருந்து வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்த இந்தக் கொடி மட்டும் முழு உயரத்தில் நின்றது. சட்டமன்றம் கூடி முடிவெடுக்காமல் அதைத் தொட முடியாதபடி சட்டம் இருந்தது. பிங்க்னியின் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது, வந்தவர்களின் கண்ணில் கொடி படாதிருக்க ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். உங்கள் தெருவில் நடந்துபோகும் கறுப்பினக் குடும்பத்துக்கு அப்படி ஒரு துணியைத் தொங்கவிட யாரும் இல்லை. உங்கள் மனத்தில் இருப்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? கொடியைத்தான் பார்ப்பார்கள்.

சொந்த வீட்டில் எந்தக் கொடியையும் ஏற்றும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பு உங்களுக்குத் தருகிறது. அதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. எனவே சட்டத்தைக் காட்டாமல், நட்பின் உரிமையில் கேட்கிறேன்.

அந்தப் போர் இன்னொரு கொடியையும் விட்டுச் சென்றிருக்கிறது. 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் அப்போமாட்டாக்ஸில் சண்டையை நிறுத்தக் கூட்டமைப்பினர் தூக்கி வந்த வெள்ளைத் துண்டு அது. கைகால் இழக்காமல் பிழைத்திருந்த எத்தனையோ படைவீரர்கள் வீடு திரும்ப வழிசெய்தது. அதன் ஒரு பகுதி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது அதையும் மனைவியோடு பாருங்கள்.

முன்னோரை நினைவுகூர அவருடைய பெயரும் படைப்பிரிவும் கல்லறையும் இருக்கின்றன. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஏதேனும் குடும்பத்தில் எஞ்சியிருந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள். அந்த மனிதரைப் பற்றி அறிய உண்மையிலேயே விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்