என் மகன் அன்று இரவு எங்கே இருந்தான்? – நான்காவது மனு

அனுப்புநர்:
ஆத்தங்குடிக் கல் பட்டறைத் தொழிலாளி ஒருவனின் தாய்,
செட்டிநாட்டுப் பகுதி.
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: காவல்துறை சுட்டதில் இறந்த என் மகன் தொடர்பாக, காவல் நிலையக் கேமரா பதிவைப் பாதுகாக்கவும், விசாரணை அறிக்கை நகல் வழங்கவும், தவறான செய்தியைத் திருத்தவும் வேண்டுதல்.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று மனுவுக்கும் ரசீது இருக்கிறது. மூன்றுக்கும் 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று சீட்டும் வந்தது. அனுப்பிய இடம் எது என்று பார்த்தால், நான் யார் மீது புகார் சொன்னேனோ அதே காவல் நிலையம். ஆகவே நான்காம் முறையாகத் தங்கள் சமூகத்துக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் எழுதித் தருகிறாள். சட்ட விவரமெல்லாம் அவள் தேடி எடுத்தவை.

1. எங்கள் தெரு தாங்கள் அறிந்ததுதான். பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கும் தெரு. அப்படி ஒரு வீட்டில் பித்தளைச் சாமான்களும் இரண்டு தேக்குத் தூணும் களவு போன வழக்கில் என் மகனைத் தேடினார்கள். அவன் எடுத்தானா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

2. புதன்கிழமை இரவு எட்டரை மணிக்கு வீட்டு வாசலில் ஜீப்பில் ஏற்றினார்கள். எதிர்வீட்டு ஆச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பது வயதிலும் கண் நன்றாகத் தெரியும். இன்றுவரை அவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து மணிக்கு நானும் மகளும் நிலையத்துக்குப் போனோம். "அப்படி யாரும் இங்கே இல்லை, வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்கள். மறுநாள் காலை டீக்கடை டிவியில்தான் தெரிந்துகொண்டோம்.

3. டிவியில் சொன்னது இது: அதிகாலையில் பைக்கில் வந்தவனைக் கண்மாய்க் கரையில் மடக்கினார்களாம். அவன் வலது கையில் அரிவாளை எடுத்துக் காவலரை வெட்டப் பாய்ந்தானாம். தற்காப்புக்காகச் சுட்டார்களாம்.

ஐயா, பைக் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அதைக்கூட விட்டுவிடுகிறேன், வேறு பைக் என்பார்கள். அந்த வலது கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல்தான் வார்ப்பார்கள். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அச்சை இறக்கி, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். நீரில் ஊறி எடுத்துக் காய்ந்தபின் கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரிப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடி உடைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிழித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஏழு தையல். டெட்டனஸ் ஊசி. சீட்டு என்னிடம் இருக்கிறது. விரலை மடக்கவே கூடாது என்றார்கள். மடக்கவும் முடியவில்லை. இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு நான் சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன். முதல் நாள் வெட்கப்பட்டான், அடுத்த நாள் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றான். சட்டைப் பொத்தானை அவன் தங்கச்சிதான் போட்டுவிட்டாள். டம்ளரைப் பிடிக்க முடியாத கை, ஐயா. அந்தக் கையா அரிவாளைப் பிடித்தது? உடலை எங்களிடம் கொடுத்தபோது அந்தக் கட்டு இல்லை. தையல் இருந்தது, நான் எண்ணிப் பார்த்தேன், ஏழு. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அந்த ஏழு தையலும் எழுதப்பட்டிருக்கிறதா? நகல் கேட்டால் 'வரும்' என்கிறார்கள்.

4. போலீசார் உயிருக்கு ஆபத்து என்றால் தற்காத்துக்கொள்ளலாம். அதை நான் மறுக்கவில்லை. அப்படித்தான் நடந்தது என்றால் காட்டுங்கள் என்கிறேன்.

5. நிலையத்துக்குள் அவன் இருந்தானா என்று ஏன் இத்தனை முறை கேட்கிறேன் என்றால், எல்லாம் அதில்தான் நிற்கிறது. காவலில் இருந்தபோது இறந்தான் என்றால் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 196-ம் பிரிவுப்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். வெளியே ஓடியவன் என்று எழுதிவிட்டதால் கோட்டாட்சியர் விசாரணையோடு நிற்கிறது. அதன் அறிக்கையும் எங்களுக்குத் தரவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம், இப்படிச் சுட்டு இறந்தால் வேறு நிலையத்தாரோ சிஐடியோ விசாரிக்க வேண்டும், குடும்பத்துக்குச் சீக்கிரமே தகவல் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எங்களுக்குத் தகவல் சொன்னது டீக்கடை.

2020 டிசம்பர் 2-ம் தேதித் தீர்ப்பில் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வழியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு என்று இருக்கிறது. என் மகன் இறந்து பதினொரு மாதம் ஆகிவிட்டது, ஐயா! சாத்தான்குளத்தில் பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைத்திருந்ததை நடுவர் கண்டுபிடித்தது ஊருக்கே தெரியும். எனக்குப் பயம் வராமல் எப்படி இருக்கும்?

6. யாரை நம்புவது? நம் மாவட்டத்து மடப்புரத்தில் 2025 ஜூனில் கோயில் காவலாளிப் பையன் இறந்தபோது வலிப்பு வந்து விழுந்தான் என்றுதான் முதலில் எழுதினார்கள். பரிசோதனையில் நாற்பதுக்கும் மேல் காயம். தூத்துக்குடியில் 2018 மே 22-ல் சுட்டதற்கு ஆணைய அறிக்கை சட்டசபைக்கு வர 2022 அக்டோபர் ஆனது. போலீஸ் பிடித்துப் போனவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று மாவுக்கட்டுப் படம் பேப்பரில் வந்தால் எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். நிஜமென்று நம்பி அல்ல, பொய்யென்று தெரிந்தே. இப்போது என் மகனைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு யார் வீட்டில் சிரித்தார்களோ.

7. கல்யாண வீட்டுச் சமையலுக்குக் காய் நறுக்கப் போவேன். "அரிவாளோட பாய்ஞ்சவன் அம்மா" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பெண்ணுக்கு வந்த சம்பந்தம் போய்விட்டது. அதெல்லாம் போகட்டும். ஒரு பொய்யை நோட்டீஸாக டிவிக்குக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது, உண்மையைச் சொல்ல பதினொரு மாதம் போதவில்லையா?

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னிக்கவும். திரும்பவும் கேட்கிறேன். அந்த இரவின் பதிவை, வாசல் கேமரா உட்பட, இன்றே எடுத்துப் பத்திரப்படுத்த உத்தரவிடுங்கள். கோட்டாட்சியர் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கொடுங்கள். எதிர்வீட்டு ஆச்சியின் வாக்குமூலத்தை எடுங்கள், அவர்களுக்கு வயதாகிறது. அந்த இரவு என் மகன் நிலையத்துக்குள் இருந்தானா இல்லையா, அதைச் சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

அடுத்த மாதம் அவனுக்கு வருஷத் திதி. அதற்குள் பதிவு அழிந்துவிட்டால் அப்புறம் நான் யாரிடம் கேட்பேன்? தையல் போட்ட சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன், அசல் என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து இந்த மனுவையாவது அந்த நிலையத்துக்கே அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தாய்